வாழாவெட்டி எண்டு ஒலிவாங்கியில் சொன்னது

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை எல்லாரும் பார்த்திட்டியள். வாழ்வாதார உதவிப் பட்டியலை வாசிக்கேக்க "அடுத்தது வாழாவெட்டியள்" எண்டு ஒலிவாங்கியில் சொன்னவருக்காக ரெண்டு நாளாய் வக்காலத்து வாங்குறியள். "விவாகரத்தான பொம்பிளைக்குப் பழந்தமிழில் அதுதானே சொல்" எண்டு விளக்கம் வேற. இல்லை. அந்தச் சொல்லில் விவாகரத்து எண்ட பொருளே கிடையாது.

பிரிச்சுப் பாருங்கோ. 'வாழா' எண்டால் வாழாத. செல்லாக் காசு மாதிரி ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். 'வெட்டி' எண்டது வெட்டிப் பேச்சு, வெட்டி வேலையில் வாற வெட்டி. சோழர் கல்வெட்டுகளில் கூலியில்லாமல் செய்யவேண்டிய வேலைக்கும் வெட்டி எண்டுதான் பேர். "உறவை வெட்டிக்கொண்டு வந்தவள், அதாலை வாழாவெட்டி" எண்டு ஒருத்தர் எழுதியிருக்கிறார். மண்வெட்டி, பாக்குவெட்டி எல்லாம் வெட்டுறதாலை வந்த பேர், சரி. இங்கையும் அதுதான் எண்டால் முன்னாலை நிக்கிற 'வாழா' என்ன செய்யுது?

வலி அந்த 'வாழா'விலைதான் கிடக்குது. பொம்பிளை கலியாணம் கட்டினால் வாழ்க்கைப்பட்டாள். புருசன் வீடு வாழப்போன இடம். சுமங்கலிக்கு வாழ்வரசி. ஆம்பிளை வாழ்க்கைப்பட்டான் எண்டு ஆராவது சொல்லிக் கேட்டிருக்கிறியளோ? புருசனோடை இருக்கிறதுக்கு மட்டும் வாழ்தல் எண்டு பேர் வைச்சு, அது இல்லாதவளை வெட்டி எண்டு தள்ளின சொல் இது. பிரிஞ்சு வந்த ஆம்பிளைக்கு இப்பிடி ஒரு சொல் இல்லை. தேடிப் பாருங்கோ.

"விவாகரத்து மட்டும் தமிழோ" எண்டு கேட்டவைக்கு: இல்லைத்தான். விவாகம் வடமொழி, ரத்து அரபுவழி வந்தது. அழகான தமிழில் மணமுறிவு இருக்குது, அதை எழுதுங்கோ. "ஊரில் கிழவியளும் சொல்லுகினம்" எண்டவைக்கு என்னட்டைப் பதில் இல்லை. கிழவியள் ஒலிவாங்கியிலை பட்டியல் வாசிக்கிறேல்லை.

சொல் பிழைச்சால் காரியமும் பிழைக்கும். புருசன் விட்டிட்டுப் போனவள் சட்டப்படி இன்னும் மனைவி. தாபரிப்பு, அதாவது சீவியச் செலவுக்குப் புருசனிட்டைக் காசு, கேக்க அவளுக்கு மணமுறிவு தேவையில்லை, இலங்கையின் 1999ஆம் ஆண்டு 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். ஆனால் தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழற்றை வழக்கச் சட்டத்துக்கு, உட்பட்டவள் தன்ரை சீதனக் காணியை விக்கிறதெண்டால் அவன்ரை எழுத்துமூலச் சம்மதம் வேணும். அவன் ஒப்பம் வைக்காட்டில், இருக்கிற இடம் தெரியாட்டில், மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பிச்சு அனுமதி எடுக்கவேணும். யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் பற்றின 1911ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அதுக்கு வழி இருக்குது. மணமுறிவு பெற்றவளுக்கு அந்த ஒப்பமே தேவையில்லை. ஆனால் தீர்ப்புச் சொன்ன அண்டைக்கே எல்லாம் முடிஞ்சுதெண்டு நினைக்கக்கூடாது. முதல் கட்டளைக்குப் பிறகு குறைஞ்சது 3 மாதம் கழிச்சு, முடிவான கட்டளை எடுக்கவேணும். அதுக்கு முதல் மறுமணம் பதிஞ்சால் செல்லாது. இவ்வளவு வித்தியாசமான நிலையளை எல்லாம் ஒரு சொல்லுக்குள்ளை கொட்டினால் ஆருக்கு எந்தக் கடுதாசி வேணுமெண்டு எப்பிடித் தெரியும்?

அதைவிட, இது வன்னி. எங்கடை ஊரிலை புருசன் செத்தானோ இருக்கிறானோ தெரியாமல் போர் முடிஞ்ச 2009க்குப் பிறகு அவன்ரை படத்தைக் கையில் வைச்சுக்கொண்டு தெருவில் இருக்கிற பொம்பிளையள் எத்தினை பேர்! அவையையும் அந்தப் பட்டியலில் அந்தப் பேருக்குக் கீழைதானே வாசிச்சது? அவள் விதவை எண்டு எழுதமாட்டன் எண்டு அழுகிறவள். அவளைப் பார்த்து நீ வாழேல்லை எண்டு சொல்ல உங்களுக்கு என்ன உரிமை இருக்குது? பிள்ளையளைப் படிப்பிச்சு, தோட்டம் செய்து, கோழி வளர்த்து, வட்டிக்காரருக்குப் பதில் சொல்லி நிக்கிறதுக்கு வாழ்தல் எண்டு பேர் இல்லையோ?

மூண்டாவது வரிசையில் இருந்த அந்தப் பிள்ளையைக் கவனிச்சனியளோ தெரியாது. தன்ரை பேர் வாசிச்ச பிறகும் எழும்பேல்லை. திருமண நிலை எண்ட இடத்தில் 'மணமுறிவு' எண்டு வடிவாய் எழுதின படிவத்தை நாலாய் மடிச்சுப் பையுக்குள்ளை வைச்சா. பக்கத்தில் இருந்த மகள் "அம்மா, போகேல்லையோ" எண்டு கேட்டவள்.