யாருக்காக என்று கேட்டால் ஏன் விழிக்கிறீர்கள்?

தொழில்நுட்ப விழாக்களுக்குப் போய்வந்தால் இப்போதெல்லாம் கோபம்தான் மிஞ்சுகிறது. அரங்கு அரங்காக நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்கிறேன்: "நீங்கள் செய்திருக்கும் இது ஏன் முக்கியம்?" யாரையும் மடக்குவதற்காகக் கேட்பதில்லை. இரவு பகலாக உழைத்து ஒன்றை உருவாக்கியவர் மனம் திறந்து பேச அதைவிட நல்ல வாய்ப்பு ஏது என்று நம்பித்தான் கேட்கிறேன். வரும் பதில் என்ன? "இதில் செயற்கை நுண்ணறிவு இருக்கிறது." "இந்தச் சந்தை வேகமாக வளர்கிறது." "முதலீட்டாளர்கள் ஆர்வமாக இருக்கிறார்கள்." உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு வருமானம் வரும் என்றா கேட்டேன்?

இந்த முறை ஓர் அரங்கில், சைகை மொழியைப் பேச்சாக மாற்றும் கையுறையை வைத்திருந்தார்கள். விரலுக்கு ஒரு சென்சார், மணிக்கட்டில் சின்னப் பெட்டி, அதிலிருந்து கைப்பேசிக்கு இணைப்பு. அணிந்திருந்த இளைஞர் கையை அசைத்ததும் "வணக்கம்" என்று கைப்பேசி பேசியது. கூட்டம் கைதட்டியது. என் கேள்வியைக் கேட்டேன். "காது கேளாதவர்களின் வாழ்க்கையே மாறப்போகிறது" என்றார். காது கேளாதவர் யாராவது இதை அணிந்து பார்த்தார்களா என்றேன். "அது அடுத்த கட்டம்" என்றார்.

அடுத்த கட்டமா? பொருளைச் செய்து முடித்து, அதற்குப் பெயரும் சூட்டி, ஆளுயரப் பதாகையும் அச்சடித்த பிறகுதான், யாருக்காகச் செய்தீர்களோ அவரைப் போய்ப் பார்ப்பீர்களா?

முதலிலேயே பார்த்திருந்தால் அவர்கள் சொல்லியிருப்பார்கள். சைகை மொழி விரல்களில் மட்டும் இல்லை. முகத்திலும் தோளிலும் அதன் இலக்கணம் இருக்கிறது. அமெரிக்கச் சைகை மொழியில் புருவத்தை உயர்த்தினால் ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லவேண்டிய கேள்வி. புருவத்தை நெரித்தால் யார், எங்கே, ஏன் என்ற கேள்வி. கையுறை எந்தப் புருவத்தைப் பார்க்கும்? அப்படியே எல்லாம் சரியாக வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். காது கேட்பவர் வாயால் சொல்லும் மறுமொழி காது கேளாதவருக்கு எப்படிப் போய்ச் சேரும்? கருவியை நாள் முழுக்கச் சுமக்கவேண்டியது காது கேளாதவர். வசதி முழுக்க மற்றவர்களுக்கு! இதில் மாறப்போவது யாருடைய வாழ்க்கை?

இது புதிய விவாதமும் இல்லை. 2016இல் அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் இதேபோன்ற கையுறைக்குப் பத்தாயிரம் டாலர் பரிசு பெற்றார்கள். ஊடகங்கள் கொண்டாடின. அதே பல்கலைக்கழகத்தின் சைகை மொழி ஆசிரியர்களும் ஒரு மொழியியல் பேராசிரியரும் இதில் உள்ள கோளாறுகளை விளக்கிப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். இணையத்தில் தேடினால் கிடைக்கும். அரங்கில் நான் பார்த்த இளைஞர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. அவர்மீது எனக்குக் கோபம் குறைவு. அவருக்கு வழிகாட்டியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள், ஒருவருக்குக்கூடவா தோன்றவில்லை?

பணம் கொட்டினால் மட்டும் பதில் வந்துவிடுமா? ஜூசெரோ என்ற அமெரிக்க நிறுவனம் இணைய இணைப்புள்ள பழச்சாறு இயந்திரம் செய்ய ஏறத்தாழ 12 கோடி டாலர் திரட்டியது. இயந்திரத்தில் வைத்துப் பிழிவதற்காக அவர்களே விற்ற, நறுக்கிய பழம் அடைத்த பையைக் கையால் பிழிந்தாலே சாறு வந்துவிடுகிறது என்று 2017இல் செய்தியாளர்கள் காட்டினார்கள். அதே ஆண்டில் நிறுவனத்தை மூடிவிட்டார்கள்.

இதற்கு நேர்மாறான ஒன்றைப் பாருங்கள். 1971இல் இந்தியாவில் இருந்த வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, நரம்பு வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலனோபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியாகக் கொடுக்கவைத்தார். நோயாளியின் வீட்டாரே புகட்டினார்கள். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. இது ஏன் முக்கியம் என்று அவரிடம் யாரும் கேட்கவேண்டிய தேவையே இருந்திருக்காது. எல்லாரும் உயிர்காக்கும் மருந்துதான் கண்டுபிடிக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. விளையாட்டுப் பொருள் செய்யுங்கள், குழந்தைகள் மகிழ்வார்கள் என்று சொல்லுங்கள், அதுவும் நல்ல பதில்தான். யாரோ ஒருவரை மனத்தில் வைத்துச் செய்யுங்கள் என்றுதான் கெஞ்சுகிறேன்.

இந்த நோய்க்கு விதை போடுபவர்கள் விழா நடத்துபவர்களே. விண்ணப்பப் படிவத்தில் தொழில்நுட்பம் என்ன, சந்தை எவ்வளவு, வருமான வழி என்ன என்று வரிசையாகக் கேட்கிறார்கள். பயன்படுத்திப் பார்த்தவர் யார், அவர் என்ன குறை சொன்னார் என்று ஒரு வரி கேட்கிறார்களா? நடுவர்களும் அதே படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் சுற்றுகிறார்கள். கேட்காத கேள்விக்கு எந்த மாணவன் பதில் தேடுவான்?

ஓரத்து அரங்கு ஒன்றில் ஒரு பெண், பார்வையற்றோர் மாத்திரை அட்டைகளை அடையாளம் காண, தொட்டறியும் புள்ளிகள் கொண்ட ஒட்டிகளைச் செய்து வைத்திருந்தார். கேட்டவுடனே சொன்னார்: முதலில் செய்த ஒட்டியை அவர்கள் வேண்டாம் என்றார்கள், மாத்திரையைப் பிதுக்கும்போது கிழிந்துவிடுகிறதாம், அதனால் ஓரத்துக்கு மாற்றினேன். நான் விழா முழுவதும் கேட்கக் காத்திருந்த பதில் அது. நடுவர் குழு வந்தது. திரை இல்லை, விளக்கு இல்லை, செயலி இல்லை. "இதில் தொழில்நுட்பம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு, அவர் வாயைத் திறப்பதற்குள் அடுத்த அரங்குக்குப் போய்விட்டார்கள்.