மாளிகைக்கு விலையாகக் கொடுக்கப்பட்ட மண்

டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளில், அதிகபட்சம் 140 நாள்கள் மட்டுமே நடக்கிறது. அந்தக் குறுகிய காலத்திலும், தொலைதூரக் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஒன்றின் மக்கள் பார்வையாளர் மாடத்தில் அமர்ந்திருக்க, அவர்களுடைய மரபையும் தொழில்களையும் பாராட்டி அவையில் தீர்மானம் வாசிக்கிறார்கள். சட்ட வலிமை இல்லாத தீர்மானத்துக்கு இவ்வளவு நேரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, நான் டாலம் கவுண்டியைச் சுட்டிக்காட்டுவேன்.

மாநிலத்தின் வடமேற்கு மூலையில், ஏறத்தாழ 7,000 பேர் மட்டுமே வாழும் கவுண்டி அது. புதிய சட்டமன்ற மாளிகை கட்டப் பணம் இல்லாத டெக்சாஸ், 1876ஆம் ஆண்டு அரசியலமைப்பின் வழியாக 30 லட்சம் ஏக்கர் பொது நிலத்தை ஒதுக்கியது. சிகாகோ முதலீட்டாளர்கள் அந்த நிலத்தைப் பெற்றுக்கொண்டு, 1888இல் திறக்கப்பட்ட இளஞ்சிவப்பு கிரானைட் மாளிகையைக் கட்டிக் கொடுத்தார்கள். 10 கவுண்டிகளில் பரவிய அந்த நிலமே எக்ஸ்.ஐ.டி. என்ற மாபெரும் மாட்டுப்பண்ணையாயிற்று. டாலம் அந்தப் பத்தில் ஒன்று. தீர்மானம் வாசிக்கப்படும் கூரையே அவர்கள் மண்ணை விற்று எழுப்பியது என்னும்போது, அவர்களை அழைத்து மரியாதை செய்வதை வெற்றுச் சடங்கு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் மரபு என்றால் மாடும் குதிரையும் மட்டுமல்ல. கோதுமைக்காகப் புல்வெளியை உழுதுபோட்ட நிலத்தில் வறட்சியும் சேர்ந்துகொள்ள, 1930களில் மேல்மண் புழுதிப் புயலாகப் பறந்தது. நொடித்துப்போன பண்ணைகளை மத்திய அரசு விலைக்கு வாங்கி மீண்டும் புல் வளர்த்த இடங்களே இன்றைய ரீட்டா பிளாங்கா தேசியப் புல்வெளி. எஞ்சியிருந்து உழைத்த குடும்பங்களின் துயரமும் தீர்மானத்தில் ஒரு வரியாவது பெற வேண்டும்.

தீர்மானத்தில் பொருளாதாரத்தைப் பற்றிய பத்தியில்தான் எனக்குக் கூடுதல் அக்கறை. அங்குள்ள மக்காச்சோளம், மாடு கொழுக்கவைக்கும் பட்டிகள், பால்பண்ணைகள், டால்ஹார்ட் நகரின் பாலாடைக்கட்டி ஆலை ஆகிய அனைத்தும் ஓகல்லாலா என்னும் பரந்த நிலத்தடி நீர்த்தேக்கத்தை நம்பியிருக்கின்றன. அங்கே ஆண்டுதோறும் ஊறும் நீர் மிகச் சொற்பம், இறைப்பதோ பல மடங்கு. தன் நிலத்தின் கீழுள்ள நீரை உரிமையாளர் இறைத்துக்கொள்ளலாம் என்று 1904இல் மாநில உச்ச நீதிமன்றம் வகுத்த நெறியே இன்றும் அடிப்படை. அதற்கு வரம்பு கட்டும் நிலத்தடி நீர்ப் பாதுகாப்பு அமைப்புகளுக்கு அதிகாரம் வழங்குவது இதே சட்டமன்றம். ஆகவே விளைச்சலைப் பாராட்டும் வாக்கியத்துக்கு அடுத்த வாக்கியம் நீரைப் பற்றியதாக இருக்கட்டும். அதை வாசிக்கும் உறுப்பினர், அதே கூட்டத்தொடரில் வரும் நீர் மசோதாக்களின்மீது வாக்களிக்கும்போது மாடத்தில் பார்த்த அந்த முகங்களையும் நினைக்கட்டும்.