சிறைச் சமையல்காரருக்கு உண்டு, துப்பாக்கி ஏந்திய காவலருக்கு இல்லை

அமெரிக்க மத்திய அரசில் போலீஸ் வேலை பார்த்தால் சீக்கிரமே பென்ஷனோடு வீட்டுக்குப் போகலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. 50 வயதும் 20 வருட சர்வீஸும் இருந்தால் போகலாம். 25 வருடம் முடித்திருந்தால் வயதே பார்ப்பதில்லை. ஆனால் அந்த வருடங்கள் எல்லாம் சட்டம் ஏற்றுக்கொண்ட பதவியில் கழிந்திருக்க வேண்டும். வம்பே அங்கேதான்.

முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு மருத்துவமனைகளில் இருக்கும் போலீஸாரையே எடுத்துக்கொள்ளுங்கள். சீருடை, துப்பாக்கி, கைது செய்யும் அதிகாரம் எல்லாம் உண்டு. இந்தச் சலுகை மட்டும் கிடையாது. குற்றவாளிகளை விசாரிப்பது, பிடிப்பது, காவலில் வைப்பதுதான் முதன்மையான வேலையாக இருக்க வேண்டுமாம். இவர்கள் செய்வது பாதுகாப்புப் பணியாம். மத்தியச் சிறையில் கைதிகளோடு பழகும் சமையல்காரருக்கோ கிடைக்கிறது. அவர்மேல் எனக்குப் பொறாமை இல்லை. கைதிகளிடம் கத்தியைக் கொடுத்துக் காய் நறுக்கச் சொல்கிற வேலை அது. அந்த ஆபத்தைக் கணக்கில் எடுத்த சட்டம், ராத்திரி இரண்டு மணிக்கு அவசரப் பிரிவில் ரகளை செய்பவரை மடக்கும் காவலரை ஏன் விட்டது?

பணத்திலும் வித்தியாசம் பெரிது. கடைசியில் உயர்ந்த மூன்று வருடச் சராசரிச் சம்பளம் 90,000 டாலர், சர்வீஸ் 25 வருடம் என்று வையுங்கள். சலுகை உள்ளவருக்கு முதல் 20 வருடத்துக்கு வருடம் 1.7 சதவீதம், மீதிக்கு 1 சதவீதம்: ஆண்டுக்கு 35,100 டாலர். இல்லாதவர் 60 வயதில் போனால் 22,500. இதற்காகச் சம்பளத்தில் கூடுதலாகப் பிடிப்பது அரை சதவீதம்தான்.

ஒரு பதவியைச் சலுகையில் சேர்த்துக்கொண்டாலும் பழைய வருடங்கள் வந்துவிடாது. சுங்க, எல்லைப் பாதுகாப்பு அதிகாரிகளை 2008 ஜூலை 6 முதல் சேர்த்தார்கள். அதற்கு முன் அதே சாவடியில் நின்ற வருடங்கள் சாதாக் கணக்குதான். ராணுவ சர்வீஸைப் பணம் கட்டிச் சேர்த்தாலும் பென்ஷன் தொகை கூடுமே தவிர, சலுகைக்கு வேண்டிய 20 வருடத்தில் சேராது.

மருத்துவமனைக் காவலரையும் சேர்த்தால் செலவு எகிறும் என்பார்கள். எகிறும்தான். ஆனால் 57 வயதில் கட்டாய ஓய்வும் கூடவே வருகிறது, அதையும் சேர்த்தே ஏற்கட்டும். இதைச் சரிசெய்யும் மசோதா நாடாளுமன்றத்தில் பலமுறை வந்து, வந்த வேகத்தில் படுத்துவிட்டது.

இங்கே அமெரிக்காவில் வளர்ந்த நம் பிள்ளைகள் யாராவது இந்த வேலைகளில் சேர்ந்தால், வேலை நியமன விவரம் தரும் முதல் எஸ்எஃப்-50 தாளின் 30-ஆம் கட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 'எம்' என்று தொடங்கினால் சலுகை உண்டு. 'கே' என்றால் சாதாப் பென்ஷன், இடுப்பில் என்ன தொங்கினாலும் சரி.