26 எப்படி வந்தது என்று காணொலி கேட்காது

ஒரு தொலைக்காட்சி விவாதத்தின் ஒரு நிமிடத் துண்டை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். பார்த்துவிட்டேன், இனி யாரும் அனுப்ப வேண்டாம். நன்றாகப் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியரைப் படம் பிடித்து எல்லாப் பள்ளிகளிலும் திரையில் காட்டினால் போதுமே, மற்றவர்களுக்கு எதற்குச் சம்பளம் என்று அதில் பேசிய ஒருவர் கேட்டார். கேட்டதுகூடப் பரவாயில்லை. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்களே, அதுதான் இரண்டு நாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

செஞ்சிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகளாகக் கணக்கு நடத்துகிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

52-இலிருந்து 38-ஐக் கழிக்கச் சொன்னால் ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளை 26 என்று எழுதும். இன்னொரு பிள்ளை 24 என்று எழுதும். விடை 14. இரண்டும் தப்புதான், ஆனால் ஒரே தப்பு அல்ல. 26 எழுதிய பிள்ளை, இரண்டில் எட்டு போகாது என்றதும் எட்டிலிருந்து இரண்டை எடுத்துவிட்டது. கடன் வாங்கிக் கழிப்பது என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. 24 எழுதிய பிள்ளை கடன் வாங்கிவிட்டது, கொடுத்த ஐந்து நான்காகக் குறைந்ததை மறந்துவிட்டது. முதல் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, பத்துக் குச்சிக் கட்டை அவிழ்த்துக் காட்ட வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு, ஐந்தை அடித்து மேலே நான்கு எழுதும் பழக்கத்தை உண்டாக்கினால் போதும். காணொலி என்ன செய்யும்? இருவருக்கும் அதே பாடத்தை மறுபடி ஓட்டும். இந்த 26 எப்படி வந்தது என்று அது கேட்காது. அதற்குத்தான் ஐயா எனக்குச் சம்பளம்.

உடனே, இந்த டீச்சர் தொழில்நுட்பத்துக்கு எதிரி என்று யாராவது எழுதுவார்கள். பாடநூலில் அச்சிட்டிருக்கும் க்யூஆர் குறியீட்டைத் தட்டிக் காணொலி காட்டுகிறவள்தான் நான். வட்டத் தேற்றங்களை ஜியோஜீப்ரா என்ற கணக்கு மென்பொருளில் நகர்த்திக் காட்டும்போது பிள்ளைகள் வாயைத் திறந்து பார்ப்பார்கள். அதை இயக்கவும் யூடியூப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. என்ன தெரியவில்லை என்பது எனக்கே தெரிந்திருந்தது. பதினோரு வயதுப் பிள்ளைக்குத் தனக்கு என்ன தெரியவில்லை என்பதே தெரியாது. அதைக் கண்டுபிடிக்க எதிரில் ஓர் ஆள் வேண்டும்.

என்னுடன் படித்த ஒருவர், தன் மகன் வீட்டில் காணொலி பார்த்தே நுழைவுத் தேர்வில் வென்றான் என்கிறார். மகிழ்ச்சி. அவனுக்குத் தனி அறை இருந்தது, சொந்தமாகக் கைபேசி இருந்தது, இன்று என்ன படித்தாய் என்று கேட்க அப்பா இருந்தார். அதற்கு முன்னால் பன்னிரண்டு ஆண்டுகள் வகுப்பில் உட்கார்ந்திருந்தான். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை ஏன் கணக்கில் சேர்ப்பதில்லை? சென்னை ஐஐடியே 2020 முதல் இணையவழிப் பட்டப்படிப்பு நடத்துகிறதே என்று இன்னொருவர் கேட்கிறார். நல்ல படிப்பு, எங்கள் பழைய மாணவன் ஒருவனும் படிக்கிறான். ஆனால் அவர்கள் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டி, தாங்களே விரும்பிச் சேர்ந்தவர்கள். அங்கும் தேர்வை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும்.

ஒழுங்காகப் பாடம் நடத்தாத ஆசிரியர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். அவர்களைக் கேள்வி கேளுங்கள்.

இதெல்லாம் புதிதாகச் சோதித்துப் பார்க்க வேண்டிய விஷயமும் அல்ல. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடினோம். அரசின் கல்வித் தொலைக்காட்சி அதற்கு முந்தைய ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. காணொலிகள் இருந்தன, வாட்ஸ்அப் குழு இருந்தது. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளை 2021 நவம்பர் 1 அன்று திறந்தபோது, நான்காம் வகுப்பில் வீட்டுக்குப் போன பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். ஐந்தாம் வகுப்பறையை அவர்கள் பார்க்கவே இல்லை. தன் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு எழுதிய பிள்ளையை அன்று பார்த்தேன். அந்த இழப்பை ஈடுகட்ட அரசு என்ன செய்தது? இன்னும் நூறு காணொலி எடுத்தா போட்டது? இல்லம் தேடிக் கல்வி என்று ஆட்களைத்தான் தேடியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை நேரத்தில் திண்ணையிலும் கோயில் வாசலிலும் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். விவாதத்தில் சிரித்தவர்களில் ஒருவருக்கும் இது நினைவுக்கு வரவில்லையா?

சம்பளத்துக்குப் பயந்து எழுதுகிறேன் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு வேறு பயம் இருக்கிறது, இதுவரை எழுதியதில்லை.

பள்ளிகளை மூடிய அந்த 2020-இல் நான் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை. நாற்பத்தொரு பிள்ளைகள். குழுவில் இருபத்து மூன்று எண்கள். அதில் பாதி அப்பாக்களின் கைபேசி. அவர்கள் பெங்களூருவுக்குக் கட்டட வேலைக்குப் போனால் கைபேசியும் கூடவே போய்விடும். சனிக்கிழமை இரவு வந்தால்தான் அந்த வாரத்துப் பாடம். ஒரு மாணவி மட்டும் விடாமல் பதில் அனுப்பிக்கொண்டே இருந்தாள். எந்தப் பாடம் போட்டாலும் உடனே ஒரு கட்டைவிரல். நன்றாகப் படிக்கிற பிள்ளை, இவளைப் பற்றிக் கவலையில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

2021 பிப்ரவரி 8 அன்று ஒன்பதாம் வகுப்பைத் திறந்தார்கள். வருகைப் பதிவேட்டைப் பிரித்து அவள் பெயரைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. இரண்டாம் முறை கூப்பிட்டபோது அவள் பக்கத்து வீட்டுப் பெண் எழுந்து நின்றாள். “அவளுக்கு ஆவணியிலேயே கல்யாணம் ஆகிவிட்டது, டீச்சர்” என்றாள்.

பள்ளி நடந்திருந்தால் மூன்று நாள் வராதபோதே யாரையாவது வீட்டுக்கு அனுப்பியிருப்பேன், இல்லை நானே போயிருப்பேன். போயிருக்கிறேன், இரண்டு பிள்ளைகளைத் திரும்ப அழைத்தும் வந்திருக்கிறேன். இவள் விஷயத்தில் ஐந்து மாதம் எனக்கு எதுவும் தெரியவில்லை. அந்தக் குழு இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. கடைசியாக நான் போட்டது முக்கோணவியல் காணொலி. அதன் கீழே அவள் எண்ணிலிருந்து வந்த கட்டைவிரல் அப்படியே இருக்கிறது. அதை அனுப்பியது அவளுடைய அண்ணன்.