நெல்லை அருங்காட்சியகங்களில் ஒரு திரை வேண்டும்

ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம் திறந்த பிறகு, வெளியூரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிக்கொண்டு போவது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை என்று நம் தாமிரபரணி ஆற்றங்கரையில் தோண்டி எடுத்ததை நம் ஊரிலேயே நின்று பார்க்க முடிகிறது. இதற்காக எத்தனை பேர் எத்தனை வருஷம் எழுதினார்கள், பேசினார்கள் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கேட்டால் கிடைக்கும் என்ற அந்த நம்பிக்கையில் அடுத்த கோரிக்கையை வைக்கிறேன். பொருநையிலும் பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்திலும் படம் போட வேண்டும். உலகப் படங்கள், பிற இந்திய மொழிப் படங்கள், தியேட்டர் கிடைக்காமல் போன தமிழ்ப் படங்கள். மாதம் இரண்டு படமாவது. கட்டணம் இல்லாமல், தமிழ் சப்டைட்டிலோடு.

பழைய பானை இருக்கிற இடத்தில் சினிமாவுக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் 1929-ல் தொடங்கியது. ஆறே வருஷத்தில், 1935-ல், அங்கே திரைப்பட நூலகம் வந்துவிட்டது. ஐரிஸ் பாரி என்ற பெண்மணிதான் அதற்குப் பொறுப்பு. சினிமா என்றால் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடும் பொருள் என்று கம்பெனிகளே நினைத்த காலம் அது. அவர் தேடித் தேடிப் படச்சுருள்களைச் சேர்த்தார், அவற்றைத் தொகுத்துக் கல்லூரிகளுக்கும் அனுப்பினார். ஓவியமும் சிற்பமும் போலச் சினிமாவும் பாதுகாத்துக் காட்ட வேண்டிய கலை என்பது அப்போதே முடிவாகிவிட்டது. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் எழும்பூரைப் பாருங்கள். சென்னை அருங்காட்சியக வளாகத்தில் 1896-ல் கட்டிய மியூசியம் தியேட்டர் இன்றும் நிற்கிறது. அருங்காட்சியகத்துக்குள் அரங்கம் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை.

இன்னொரு செய்தி இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' உலகத்திலேயே முதன்முதலில் திரையிடப்பட்ட இடம் கல்கத்தா தியேட்டர் எதுவும் இல்லை. அதே நியூயார்க் அருங்காட்சியகம்தான், 1955 மே 3-ஆம் தேதி. கையில் காசில்லாமல் நின்று நின்று எடுத்த படம். மேற்கு வங்க அரசு பணம் கொடுத்த பிறகுதான் முடிந்தது. 1954-ல் கல்கத்தாவுக்கு வந்த அந்த அருங்காட்சியகத்தின் மன்ரோ வீலர், பாதியில் நின்ற வேலையைப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் நாங்கள் நடத்தும் இந்தியக் கலைக் கண்காட்சிக்கு இந்தப் படம் வேண்டும் என்று கேட்டார். சப்டைட்டில் போடக்கூட நேரமில்லாமல் பிரதி போய்ச் சேர்ந்தது. வங்காளம் தெரியாத கூட்டம் அப்படியே உட்கார்ந்து பார்த்தது. ஆகஸ்ட் 26-ல் கல்கத்தாவில் வெளியானபோதும் முதலில் கூட்டம் இல்லை, ஓரிரு வாரத்தில்தான் அரங்கம் நிறைந்தது. ஒரு நல்ல படத்துக்கு முதலில் வேண்டியது அதை நம்பி ஒரு இருட்டறையைத் திறந்துவிடும் யாரோ ஒருவர். அந்த ஒருவராக நம் ஊர் அருங்காட்சியகம் இருக்கலாம் என்கிறேன்.

இப்போது நிலைமை எப்படி இருக்கிறது? பி.எஸ்.வினோத்ராஜின் 'கூழாங்கல்' மதுரை மேலூர்ப் பக்கத்து வெயிலில் எடுத்த படம். ஒரு குடிகார அப்பனும் சின்னப் பையனும் காய்ந்த காட்டில் நடக்கிறார்கள், கதை அவ்வளவுதான். 2021-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது, இந்தியாவின் ஆஸ்கர் பரிந்துரையாகவும் போனது. மேலூருக்கும் நெல்லைக்கும் இடையே மூன்று மணி நேரம்தான், ஆனால் நம் ஆட்களில் பலர் அதை 2023-ல் செல்போனில்தான் பார்த்தார்கள். திலீப்குமாரின் சிறுகதையை வைத்து அருண் கார்த்திக் எடுத்த 'நசீர்' 2020-ல் அதே ராட்டர்டாமில் திரையிடப்பட்டது. கோவையில் ஒரு ஜவுளிக்கடை ஊழியரின் ஒரு நாள். நெல்லை ஜவுளிக்கடைகளில் பகல் முழுக்க நின்று வேலை பார்க்கும் அண்ணன், அக்காமாரில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு படம் இருப்பதே தெரியும்? 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 2024-ல் வினோத்ராஜின் அடுத்த படமான 'கொட்டுக்காளி' முதலில் திரையிடப்பட்டதும் பெர்லினில்தான். இரண்டும் ஒன்றில்லை என்று தெரியும். முன்னது நம்மைக் கேட்காமல் எடுத்துப் போனது, பின்னது ஒரு கலைஞன் உழைத்துச் சேர்ந்த இடம். இருந்தாலும் நம் வாழ்க்கையின் தடயத்தை முதலில் பார்க்கிறவர்கள் எப்போதும் தூரத்து ஊர்க்காரர்களாகவே இருக்க வேண்டுமா என்ற ஆதங்கம் எனக்கு இருக்கிறது.

எல்லாம் ஓ.டி.டி.யில் கிடைக்கிறதே என்பார்கள். எல்லாம் கிடைப்பதில்லை, அது வேறு விஷயம். கிடைத்தாலும், செல்போனில் நிறுத்தி நிறுத்தி, சமையலுக்கும் வாட்ஸப்புக்கும் நடுவில் பார்ப்பதும், முகம் தெரியாத நூறு பேரோடு அசையாமல் பார்ப்பதும் ஒன்றாகாது. மெதுவாக நகரும் படத்துக்கு இது இன்னும் முக்கியம். வீட்டில் தள்ளிவிட்டுப் போகிற காட்சியைக் கூட்டத்தில் தள்ள முடியாது, இருந்துதான் ஆக வேண்டும். அந்த இருப்பில்தான் படம் திறக்கிறது. முடிந்து வெளியே வந்து டீக்கடையில் "எனக்கு அந்தப் பொம்பளைய அப்படி விட்டுட்டுப் போனது பிடிக்கல அண்ணாச்சி" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் மறுக்க, அந்தப் பேச்சு வரைக்கும் சேர்ந்ததுதான் படம் பார்ப்பது.

நாங்கள் நண்பர்கள் இதற்காகத்தான் டிசம்பரில் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்குத் திருவனந்தபுரம் போகிறோம். நாகர்கோவில் வழியாக பஸ்ஸில் போய், யாராவது நண்பர் வீட்டில் தங்கி, டாகூர் தியேட்டருக்கும் கைரளிக்கும் நடுவே ஓடுகிறோம். அங்கே வரிசையில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், குழந்தையை இடுப்பில் வைத்த அம்மாமார். அந்த விழா 1996-ல் தொடங்கியது. ஆனால் அந்தக் கூட்டம் 1996-ல் உருவானதில்லை. 1965-லேயே அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் சித்ரலேகா பிலிம் சொசைட்டியை ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்து ஊர் ஊராகச் சொசைட்டிகள் முளைத்தன. மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் தோழர்களும் 1984-ல் ஒடெஸ்ஸா என்ற அமைப்பைத் தொடங்கி, ஊர்களில் படம் போட்டு, மக்களிடம் காசு சேர்த்து, 1986-ல் ஒரு முழுப்படமே எடுத்துவிட்டார்கள். அதே ஜான்தான் 1977-ல் தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்தவர். தேசிய விருது வாங்கிய அந்தத் தமிழ்ப் படத்தை நெல்லையில் ஒரு பொது அரங்கில் பார்க்கும் வாய்ப்பு எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. ரசனை என்பது மண்ணில் தானாக விளைவதில்லை, தொடர்ந்து காட்டினால் வரும்.

சரி, நான் அடிக்கடி கேட்கிற பதிலுக்கு வருகிறேன். "இதெல்லாம் நம்ம ஊர்ல யாருடே வந்து பாப்பா? பாட்டு இல்ல, பைட்டு இல்ல, ஆமை மாதிரி நவுருது." இதை என்னால் ஒத்துக்கொள்ளவே முடியாது. நம் ஊர்க் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள் இதைச் சொல்லலாமா? சுடலைமாடன் கதை ராத்திரி தொடங்கினால் எத்தனை நேரம் போகும்? கணியான் கூத்தில் மகுடம் என்ற பறையை அடிக்க அடிக்க, அண்ணாவி ஒரே காட்சியை எவ்வளவு நேரம் விரித்துப் பாடுவார்? தரையில் சாக்கை விரித்து, பனியில் தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பது யார்? முத்துப்பட்டன் கதையின் முடிவு எல்லோருக்கும் தெரியும். அவன் சாகப் போகிறான், பொம்மக்காவும் திம்மக்காவும் தீயில் இறங்கப் போகிறார்கள். தெரிந்தும் கேட்கிறார்கள், ஒவ்வொரு வருஷமும் அதே இடத்தில் அழுகிறார்கள். சுபமான முடிவு வேண்டும், வேகம் வேண்டும், அடுத்து என்ன என்ற திருப்பம் வேண்டும் என்பதெல்லாம் நம் மக்களுடைய ரசனை கிடையாது. அவர்கள் தலையில் கட்டப்பட்டது.

படத்தைக் கூடிப் பார்ப்பதும் கொடைக்குப் புதிதில்லை. என் சின்ன வயதில் கொடை முடிந்த மறுநாள் ராத்திரி வெள்ளை வேட்டியை இரண்டு கம்புக்கு நடுவே இழுத்துக் கட்டிப் படம் போடுவார்கள். இந்தப் பக்கம் இடம் இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, கதாநாயகன் இடது கையால் சாப்பிடுவதைப் பார்ப்பார்கள். அப்புறம் வீடியோ டெக் வந்தது, ஒரே இரவில் மூன்று படம். அம்மன் கோயில் முன்னால் ஊரே ஒன்றாக உட்கார்ந்து படம் பார்த்த பழக்கம் கண்முன்னே இல்லாமல் போனது. அதைத் திரும்பக் கொண்டுவர அரசாங்கக் கட்டடம் ஒன்று தன் கதவை இரவு ஒன்பது வரை திறந்து வைத்தால் போதும்.

தமிழ் சப்டைட்டிலை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்று சொல்ல வேண்டும். உலகப் படத் திரையிடல் என்றாலே ஆங்கில சப்டைட்டில்தான். ஈரானியக் கிராமத்துக் கதையை நாங்குநேரி விவசாயி புரிந்துகொள்ள அவருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆகிவிடுகிறது. இது சரியில்லை. ஒன்றரை மணி நேரப் படத்துக்குச் சுமார் ஆயிரம் வரி சப்டைட்டில் வரும். நேரக்குறியோடு எழுதிய சாதாரண எழுத்துக் கோப்புதான் அது, இலவச மென்பொருளிலேயே செய்யலாம். ஒரு வரி திரையில் சில விநாடிதான் நிற்கும், தமிழ்ச் சொற்கள் நீளமானவை, அதனால் சுருக்கி எழுதப் பழக வேண்டும். பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் தமிழும் ஊடகமும் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். நாலு பேர் சேர்ந்தால் ஒரு மாதத்துக்கு ஒரு படம் தாராளமாக முடியும்.

தமிழ் சப்டைட்டிலால் இன்னொரு பெரிய பலன் உண்டு. பாளையங்கோட்டையில் நூறு வருஷத்துக்கும் மேலாகக் காதுகேளாதோர் பள்ளி இருக்கிறது, பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் தொடங்கியது. தலைமுறை தலைமுறையாக அங்கே படித்து, தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரிலேயே வேலை பார்த்துக் குடும்பமாக வாழ்கிறார்கள். தியேட்டரில் ஓடும் தமிழ்ப் படத்துக்குப் பெரும்பாலும் தமிழில் எழுத்து வருவதில்லை. அவர்கள் முகபாவத்தையும் சண்டையையும் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். தமிழ் சப்டைட்டிலோடு ஒரு ஜப்பானியப் படம் போட்டால் காது கேட்பவரும் கேளாதவரும் ஒரே நிலையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். இருவருக்கும் அந்த மொழி தெரியாது, இருவரும் படித்துத்தான் ஆக வேண்டும். தமிழ்ப் படத்துக்கும் தமிழ் எழுத்தைப் போட்டே காட்டுவோம். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தத் திரையிடலை நெல்லையில் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் ஆறிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரைப் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு சிறார் படம் காட்டும் திட்டம் வந்தது. அருமையான திட்டம். ஆனால் அப்படிப் பார்த்துப் பழகிய பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போன பிறகு எங்கே போய்ப் பார்க்கும்?

சட்டச் சிக்கலைப் பெரிதாகச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். சொந்த ஓ.டி.டி. கணக்கிலிருந்து பொதுத் திரையிடல் நடத்தக் கூடாது, உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். தணிக்கைச் சான்றிதழ் இல்லாத வெளிநாட்டுப் படத்துக்கு மத்திய அரசிடம் விலக்கு வாங்க வேண்டும். தனிமனிதருக்கு இது சிரமம்தான், அரசுத் துறைக்குச் சிரமமில்லை. இந்தியாவில் திரைப்படத்துக்குப் பதிப்புரிமை 60 ஆண்டுதான் என்பதால் பழைய படங்கள் ஏராளமாகத் திறந்து கிடக்கின்றன. 1964-ல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் இருக்கிறது. சிறுபடம் எடுத்த இயக்குநர்களோ, கூப்பிட்டால் தாங்களே பஸ் ஏறி வருவார்கள்.

முதல் படம் எது என்று என்னைக் கேட்டால் 1933-ல் வந்த 'மார்த்தாண்ட வர்மா' என்பேன். நாகர்கோவில்காரர் ஆர்.சுந்தர்ராஜ் தயாரித்த மௌனப் படம். அது தழுவிய நாவலின் உரிமைத் தகராறில் முடக்கப்பட்டு, பல பத்தாண்டுகளுக்குப் பிறகு மீட்கப்பட்டது. தென்னிந்திய மௌனப் படங்கள் ஏறக்குறைய எல்லாமே அழிந்துபோன நிலையில் மிஞ்சியிருப்பது இது. மௌனப் படத்துக்கு அந்தக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பார்கள். நம் வில்லிசைக் கலைஞர்களையும் மகுடம் வாசிப்பவர்களையும் உட்கார வைத்து, சம்பளம் கொடுத்து, அந்தப் படத்துக்கு வாசிக்கச் சொல்லுங்கள். வேறு எந்த ஊராலும் நடத்த முடியாத திரையிடலாக அது இருக்கும்.

இரண்டு விஷயம் மட்டும் தவிர்க்க வேண்டும். படத்துக்கு முன்னால் பொன்னாடையும் வாழ்த்துரையும் வேண்டாம். சொன்ன நேரத்துக்கு விளக்கை அணைத்தால் மக்கள் அடுத்த முறையும் வருவார்கள். அப்புறம், பொருநை ஊருக்கு வெளியே இருக்கிறது. திரையிடல் நாளில் ஒன்பது மணிக்கு ஜங்ஷனுக்கும் பாளைக்கும் டவுன் பஸ் இல்லையென்றால் பெண்களும் மாணவர்களும் வர மாட்டார்கள். அதனால் வழக்கமான திரையிடல் பாளையில், சிறப்புத் திரையிடல் ஞாயிறு பகலில் பொருநையில் என்று வைக்கலாம்.

நாங்கள் சிலர் முன்பு ஒரு நிறுவனத்தில் அரங்கம் கேட்டுப் போனோம். படத்தில் தெரிந்த நடிகர் யாரும் இல்லையே என்று திருப்பி அனுப்பினார்கள். அதனால்தான் இந்த முறை தனியாரிடம் போகாமல் அரசுக்கே மனு எழுதுகிறோம். அருங்காட்சியகத் துறைக்கு ஒன்று, மாவட்ட ஆட்சியருக்கு ஒன்று. வரைவு தயாராக இருக்கிறது. கையெழுத்துப் போட விருப்பம் உள்ளவர்கள், சப்டைட்டில் எழுத முன்வருபவர்கள், சைகை மொழி தெரிந்தவர்கள், நல்ல புரொஜெக்டர் வைத்திருப்பவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்து நண்பர்களும் சேரலாம்.