மாலையில் ஒரு மணி நேரம் கேட்டது அவ்வளவு பெரிய குற்றமா?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். தினமும் மாலை 7 மணி முதல் 8 மணி வரை எல்லா வீடுகளிலும் கைப்பேசியை எடுத்து வைத்துவிடலாம் என்று கேட்டேன். "முதலில் உங்கள் வீட்டைப் பாருங்கள் மேடம், மனஉறுதி இருக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு?" என்றார் ஒருவர். சிலர் சிரித்தார்கள். அத்துடன் அடுத்த விஷயமான தண்ணீர்த் தொட்டிக்குப் போய்விட்டார்கள். அந்தச் சிரிப்பை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

மனஉறுதி என்று எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! இணையப் பக்கத்துக்கு முடிவே இல்லாமல், விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் அமைப்பை 2006இல் வடிவமைத்த அஸா ராஸ்கினே பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். ஒரு காணொளி முடிந்தால் அடுத்தது தானாக ஓடுகிறது. அது பிடிக்குமா பிடிக்காதா என்ற எதிர்பார்ப்பே நம்மை உட்கார வைத்துவிடுகிறது. நிறுத்துவதற்கு இடமே வைக்காத ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, நிறுத்தத் தெரியவில்லையே என்று ஒருவரைக் குறை சொல்வது என்ன நியாயம்? இது தனி ஒருவர் தன் மனத்தோடு மல்லுக்கட்டி வெல்லும் காரியம் அன்று. கூட இருப்பவர்களும் சேர்ந்து எடுத்து வைத்தால்தான் நடக்கும்.

மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்றொரு கிராமம் இருக்கிறது. 2022 ஆகஸ்டு முதல் அங்கே மாலை 7 மணிக்குக் கோயிலில் சைரன் ஒலிக்கத் தொடங்கியது. ஒலித்ததும் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் ஒன்றரை மணி நேரம் அணைத்துவிடுவது என்று ஊரே முடிவெடுத்தது. சுமார் 3,000 பேர் வாழும் ஊரில் பேச முடிந்ததை, 96 வீடுகள் உள்ள குடியிருப்பில் பத்து நிமிடம்கூடப் பேச முடியவில்லை.

என் வீட்டைப் பார்க்கச் சொன்னவருக்கு இதைச் சொல்ல வேண்டும். என் வீட்டைப் பார்த்த பிறகுதான் நான் கூட்டத்துக்கு வந்தேன். அம்மா போன பிறகு அப்பாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று நான்தான் கைப்பேசி வாங்கிக் கொடுத்தேன். முதலில் பழைய பாடல்கள் கேட்டார், பிறகு குறுங்காணொளிகள் வந்தன. இரவு ஒரு மணிக்கும் அவர் அறையில் வெளிச்சம் இருக்கும். இரவில் போட வேண்டிய இரத்த அழுத்த மாத்திரை காலையில் டப்பாவிலேயே கிடக்கும். ஒருநாள் கோபத்தில் பிடுங்கி வைத்தேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. அவரைக் கண்டித்த நேரத்தில் என் கையிலும் ஒரு கைப்பேசி இருந்தது என்பது பிறகுதான் உறைத்தது. மூன்றாம் நாள் அவருடையதைத் திருப்பிக் கொடுத்தேன். மாலை 7 மணிக்கு என்னுடையதையும் அவருடையதையும் சேர்த்து அரிசி டிரம்மின் மேல் வைத்தோம். முதல் வாரம் முழுக்க அவர் கை சட்டைப் பையைத் தடவிக்கொண்டே இருந்தது. பிறகு மெல்லப் பேச ஆரம்பித்தார்.

வேலைக்குக் கைப்பேசி வேண்டும் என்கிறவர்களுக்கு விலக்கு கொடுக்கலாம், அதில் எனக்குத் தகராறு இல்லை. அவசர அழைப்புக்கு மணி ஒலிக்கட்டும். ஆனால் இது சர்வாதிகாரம் என்று குழுவில் எழுதியவரை நான் ஏற்கவே மாட்டேன். நான் கேட்டது வேண்டுகோள். யார் வீட்டுக் கதவையும் தட்டி யாருடைய கைப்பேசியையும் பறிக்கச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு மட்டும் விதி போடுங்கள் என்பவர்களுக்கும் சொல்கிறேன்: அப்பா கைப்பேசி பார்த்துக்கொண்டிருக்கும்போது பிள்ளை மட்டும் எப்படி எடுத்து வைக்கும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. சென்ற மாதம் ஒரு மாலை, யாரோடாவது பேசலாம் என்று அப்பா கீழே பூங்காவுக்குப் போனார். கால்மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். "பெஞ்சில் நாலு பேர் இருந்தாங்கம்மா, யாரும் நிமிர்ந்து பார்க்கலை" என்று சொல்லிவிட்டு, அரிசி டிரம்மின் மேல் இருந்த கைப்பேசியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். அன்று நான் தடுக்கவில்லை. என் வீட்டை மட்டும் சரிசெய்து அவரை நான் எங்கே அனுப்புவது?

அடுத்த மாதக் கூட்டத்திலும் இதையே கேட்பேன். அப்பாவையும் அழைத்துக்கொண்டு வருவேன்.