அலமாரியின் அடித்தட்டில் இருக்கும் அந்தப் பை

குவில்ட், அதாவது துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் அடுக்குப் போர்வை, தைக்கும் தோழி ஒருத்தி நேற்று இரவு ஒரு படம் அனுப்பியிருந்தாள். தரையில் விரித்துப் போட்ட ஒட்டுத்துணி வேலை, முக்கால்வாசி முடிந்தது. கூடவே ஒரு வரி: "இதைப் பார்த்தாலே வெறுப்பாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?" வீட்டில் கேட்டாளாம். "இவ்வளவு தூரம் வந்துவிட்டாய், முடித்துத் தொலை" என்று சொல்லிவிட்டார்களாம். எனக்குத் தூக்கமே போய்விட்டது. அவளுக்குத் தட்டச்சு செய்யத் தொடங்கிய பதில் நீண்டுகொண்டே போனதால் இங்கேயே எழுதுகிறேன். இதே நிலையில் இன்னும் பலர் இருப்பீர்கள்.

பிடிக்காத குவில்ட்டை முடித்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இதுதான் என் கருத்து. துணி வாங்கியாயிற்று, வெட்டியாயிற்று, மாதக்கணக்கில் உழைத்தாயிற்று என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பணமும் அந்த மாதங்களும் போனவை போனவைதான். முடித்தாலும் திரும்பாது, விட்டாலும் திரும்பாது. 1985இல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நாடக சீசன் டிக்கெட்டைச் சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குத் தள்ளுபடியிலும் விற்றுப் பார்த்தார்கள். சீசனின் முதல் பாதியில், முழு விலை கொடுத்தவர்கள்தான் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். எல்லோருக்கும் அதே நாடகங்கள்தான். கொடுத்த காசு மட்டும்தான் வேறு. நாமும் அப்படித்தான் பிடிக்காத குவில்ட் முன்னால் போய் உட்காருகிறோம். அதை முடிக்க இன்னும் நாற்பது மணி நேரம் ஆகும் என்றால், அந்த நாற்பது மணி நேரம் இனிமேல்தான் நம் வாழ்க்கையிலிருந்து போகப்போகிறது. யோசிக்க வேண்டியது அதைப் பற்றித்தான்.

அதற்காக எடுத்த எடுப்பில் தூக்கிப் போடு என்றும் சொல்ல மாட்டேன். "பிடிக்கவில்லை" என்ற ஒரு சொல்லுக்குள் என்னென்னவோ ஒளிந்திருக்கும். அதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்றை மறந்துவிடுகிறோம். தைக்கும்போது நாம் குவில்ட்டைப் பார்ப்பது முகத்துக்கு ஒரு முழம் தள்ளி. ஊசிக்கடியில் ஓடும் அந்த நான்கு அங்குலத்தையே மணிக்கணக்கில் உற்றுப் பார்க்கிறோம். முனை சேராத இடம், ஒரு நூல் அளவு விலகிய தையல், இவை மட்டும்தான் கண்ணில் நிற்கும். முடிந்த குவில்ட்டை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. கட்டிலில் விரித்து வாசலில் நின்றுதான் பார்ப்பார்கள். தவிர, மேல்துணியை மட்டும் தைத்து வைத்திருக்கும் நிலையில் எல்லா குவில்ட்டும் தட்டையாகத்தான் இருக்கும். உள்ளே பஞ்சு அடுக்கு வைத்து, அடித்துணி சேர்த்து, மூன்றையும் ஊடுருவித் தைத்த பிறகுதான் மேடுபள்ளம் வரும், நிழல் விழும். பருத்தி அடுக்கு வைத்திருந்தால் முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும். அந்தச் சுருக்கத்தில் பாதிப் பிழைகள் மறைந்தே போகும். அதனால் கிட்டே இருந்து பார்த்து வந்த வெறுப்பை நான் நம்புவதில்லை. சுவரில் மாட்டுங்கள், பத்தடி தள்ளி நில்லுங்கள், இரண்டு நாள் போக வரப் பாருங்கள். அப்போதும் பிடிக்கவில்லையா? சரி, அப்புறம் பேசலாம்.

எனக்கு அப்படி ஆன ஒன்றைச் சொல்கிறேன். ஒன்பது சதுரத்தை மூன்றுக்கு மூன்றாக அடுக்கும் 'நைன் பேட்ச்' கட்டங்கள், மொத்தம் 42. பழைய ரோஜா நிறம், பாசிப்பச்சை, மங்கலான நீலம். ஒவ்வொரு துணியும் தனியாக அழகு, அள்ளிக்கொண்டு வந்திருந்தேன். 42 கட்டமும் தைத்து முடித்துத் தரையில் பரப்பினால் ஒன்றுமே தெரியவில்லை. சதுரம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கண் தேடித் தேடிச் சலித்தது. அப்படியே மடித்து ஒரு பையில் போட்டு அலமாரியின் அடித்தட்டில் தள்ளிவிட்டேன். இரண்டு வருடம். இந்த இரண்டு வருடத்தில் புதிதாக எதைத் தொடங்கினாலும் அந்தப் பை ஞாபகம் வரும். "அதை முடிக்காமல் இது எதற்கு" என்று கை பின்வாங்கும். பையில் போட்டு மூடுவது ஒரு முடிவே இல்லை. எடுக்க வேண்டிய முடிவைத் தினமும் தள்ளிப்போடுவது மட்டும்தான் அது.

ஒருநாள் வெளியே எடுத்துப் பரப்பி, கைபேசியில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். அந்த நொடியில் புரிந்துவிட்டது. திரை முழுக்க ஒரே சாம்பல். ரோஜா, பச்சை, நீலம் என்று நிறங்கள்தான் வேறு வேறு. வெளிர், அடர் என்ற கணக்கில் மூன்றும் ஒரே படியில் நின்றன. குவில்ட்டில் வடிவத்தைக் காட்டுவது பெரும்பாலும் இந்த வெளிர்-அடர் வேறுபாடுதான். அடர்ந்த துணி ஒன்றுகூட இல்லாத இடத்தில் எந்த வடிவமும் எழுந்து நிற்காது. இரண்டு வருடமாக 'இந்த ரோஜா நிறம்தான் கெடுத்தது' என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் துணி மேல் பழி போட்டது தவறு.

பிரித்துத் தைக்கலாமா என்று முதலில் கணக்குப் போட்டேன். ஒரு கட்டத்தில் எட்டுத் தையல், 42 கட்டத்தில் 336. சீம் ரிப்பர் என்ற தையல் பிரிக்கும் கருவியால் மூன்று நான்கு கண்ணிக்கு ஒன்றாக அறுத்துக்கொண்டே போய் மறுபக்க நூலை இழுத்தால் சுலபமாகத்தான் வரும். ஆனால் பிரித்த ஓரங்கள் பிசிறு விடும், இழுபட்டு வளையும், தையலுக்காக ஓரத்தில் விடும் கால் அங்குல இடம் அப்படியே நிற்காது. ஓரிரண்டு கட்டம் என்றால் பிரிக்கலாம். 336 தையலைப் பிரித்துவிட்டு மறுபடி உற்சாகத்தோடு தைக்க எனக்கு மனம் வராது என்று தெரிந்தது.

அதனால் வெட்டினேன். தைத்த கட்டம் 9.5 அங்குலம். நேர் நடுவில் வெட்டினால் 4.75 அங்குலத்தில் இரண்டு பாதி. நடுவே 1.5 அங்குல அகலத்தில் கருநீலப் பட்டை ஒன்றை வைத்துச் சேர்த்தேன். பிறகு குறுக்கே வெட்டி அங்கேயும் ஒரு பட்டை. தையலுக்குப் போனது போகக் கட்டம் 10 அங்குலத்துக்கு வந்தது; முன்பைவிட அரை அங்குலம் பெரிது. 42 கட்டத்துக்கும் சேர்த்துக் கருநீலத் துணி ஒரு மீட்டர்கூடப் பிடிக்கவில்லை.

முதல் கட்டத்தை வெட்டும்போது மட்டும் கை நடுங்கியது, உண்மை. ஸ்கேலை அழுத்திப் பிடித்துக்கொண்டு ரோட்டரி கட்டரை (துணி வெட்டும் உருளும் கத்தி) மேலே வைத்த நிலையிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். நாமே தைத்ததை நாமே வெட்டுவது என்னவோ தப்புச் செய்வது மாதிரி இருக்கும். உருட்டியதும் அந்த நடுச் சதுரம் இரண்டாகப் பிளந்தது. பழைய தையல்களின் முனையில் ஓரிரு கண்ணி அவிழ்ந்தது, அவ்வளவுதான். அதனால் அரைகுறைத் துண்டுகளை உதறாமல், இழுக்காமல், மெதுவாகக் கையாள வேண்டும். நான்காவது கட்டத்துக்குள் பயம் போய்விட்டது. பத்தாவது கட்டத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கருநீலச் சிலுவை ஒவ்வொரு கட்டத்திலும் குறுக்கே ஓட, அந்த மங்கல் ரோஜா அதன் பக்கத்தில் ஒளி விட்டது. எந்த நிறத்தை இரண்டு வருடம் திட்டினேனோ அதே நிறம். 57க்கு 66.5 அங்குலத்தில் முடிந்த அந்த குவில்ட்தான் இப்போது தினமும் என் மடியில் கிடக்கிறது.

வெட்டுவது பாவம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள், உழைத்துத் தேய்ந்த உடுப்புகளை வெட்டித்தான் குவில்ட் தைத்தார்கள். பட்டைகள் வளைந்து போகும், பாதியில் துணி மாறும், கோணம் சாயும். அதையெல்லாம் யாரும் மறைக்கவில்லை. 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அவற்றைச் சுவரில் மாட்டியது. 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றின் படங்களோடு பத்துத் தபால்தலைகள் வெளியிட்டது. தைத்துவிட்டால் அதற்குமேல் தொடக்கூடாது என்ற நினைப்பு நமக்குள் எப்படி வந்தது என்று தெரியவில்லை. துணி வெட்டத்தானே இருக்கிறது.

சாயம் முக்குவதும் ஒரு வழி. பருத்தி மேல்துணி முழுவதையும் ஒரே சாயத்தில் போட்டெடுத்தால் சண்டை போடும் நிறங்கள் ஒரு குடும்பமாகிவிடும். பாலியெஸ்டர் நூலால் தைத்திருந்தால் நூல் மட்டும் அந்தச் சாயத்தைப் பிடிக்காமல் பழைய நிறத்தில் துருத்திக்கொண்டு நிற்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்த மேல்துணியை வேறொரு குவில்ட்டின் அடித்துணியாக வைத்துவிடலாம்.

தோற்றம் நன்றாகவே இருந்து, வேலைதான் பிடிக்கவில்லை என்றால் அது வேறு கதை. அதற்கு இந்த வைத்தியமெல்லாம் எடுபடாது. காகித அச்சின் மேல் துணியை மடித்து, விளிம்போடு விளிம்பு வைத்துக் கையால் தைக்கும் அறுகோண வேலையை நான் ஒருமுறை தொடங்கினேன். பக்கத்துக்கு ஒரு அங்குலம். ஒரு நடுத்தரப் போர்வைக்கே 1,300க்கு மேல் வேண்டும். நூற்றைம்பது முடித்தபோது, ஊசியை எடுத்தாலே தோள் இறுகிவிடும் நிலைக்கு வந்திருந்தேன். தைத்தவரை அழகு, யாரிடம் காட்டினாலும் பாராட்டினார்கள். எனக்குத்தான் ஓடவில்லை. எனக்கு மிஷின் ஓடும் சத்தம் வேண்டும், நீளமாக ஒரு தையல் போய் முடிய வேண்டும். கையில் ஊசி நூலோடு ஜன்னலோரம் உட்காருவதே இன்பம் என்று இருக்கும் ஒருவரிடம் மொத்தத்தையும், வெட்டாத துணி, காகித அச்சு, நூல் உட்பட, ஒரு டப்பாவில் வைத்துக் கொடுத்துவிட்டேன். அவர் திறந்து பார்த்ததும் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்த பிறகு, விட்டுவிட்டோமே என்று ஒருநாளும் வருந்தியதில்லை. ஒருவருக்குச் சுமையாக இருக்கும் கைவேலை இன்னொருவருக்கு ஓய்வாக இருக்கும்.

ஆனால் கொடுப்பதில் எனக்கு ஒரு கண்டிப்பு உண்டு. பிடிக்காததை ஒப்பேற்றி முடித்து, 'யாருக்காவது உதவும்' என்று காப்பகங்களுக்குத் தள்ளுவதை நான் ஏற்கவே மாட்டேன். உதவி தேவைப்படுபவருக்கும் கண் இருக்கிறது, ரசனை இருக்கிறது. நிறம் நமக்குப் பிடிக்கவில்லை, தையல் உறுதி என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். நம் ரசனை எல்லோருக்கும் இருக்க வேண்டியதில்லை. தையல் விட்டுப்போன, இரண்டு துவைப்பில் பஞ்சு உருண்டு கட்டியாகிவிடும் ஒன்றைக் கொடுக்காதீர்கள். பஞ்சு அடுக்கின் உறையிலேயே எத்தனை அங்குலத்துக்குள் தையல் ஓட வேண்டும் என்று போட்டிருக்கும். அலுப்பில் அந்த இடைவெளியைத் தாண்டிவிட்டு அடுத்தவர் தலையில் கட்டுவது சரியில்லை. விலங்குக் காப்பகம் என்றாலும் முன்கூட்டியே கேளுங்கள். நாய் கடித்துப் பஞ்சை விழுங்கிவிடும் என்பதால் சில இடங்களில் பஞ்சு வைத்ததை வாங்க மாட்டார்கள்.

பழைய காலத்து குவில்ட் சிலவற்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பஞ்சுக்குப் பதிலாக இன்னொரு தேய்ந்த குவில்ட் இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. வெளியே தெரியாமல், ஆனால் கதகதப்பைக் கொடுத்துக்கொண்டு. எதற்கும் உதவாது என்று தோன்றும் மேல்துணிக்குக்கூட அப்படி ஓர் இடம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. இதைத் தோழியிடம் தனியாகச் சொல்லலாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். சில சமயம் குவில்ட் மேல் எந்தக் குறையும் இருக்காது. தைத்த காலம்தான் பிடிக்காமல் போயிருக்கும். அம்மா படுத்திருந்த மாதங்களில் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு குவில்ட்டுக்குத் துண்டு சேர்த்துக்கொண்டிருந்தேன். வெளிர் மஞ்சளும் வெள்ளையும். அம்மா விரலால் தடவிப் பார்ப்பார், தையல் நேராக வந்திருக்கிறது என்பார். அவர் போன பிறகு அந்த மஞ்சளை என்னால் பார்க்க முடியவில்லை. நிறம், அமைப்பு, தையல் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. கறுப்பு வெள்ளைப் படம் எடுத்து இதற்கு விடை காண முடியாது.

கீஸ் பெண்டில் மிசூரி பெட்வே என்ற பெண் 1942இல், இறந்துபோன கணவரின் வேலையுடுப்புகளைக் கொண்டு ஒரு குவில்ட் தைத்தார். அவரை நினைக்கவும், போர்த்திக்கொள்ளவும். அதைப் பற்றிப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. அவரால் உடனே கத்தரியை எடுக்க முடிந்திருக்கிறது. எனக்கு முடியவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு காலம் வேண்டியிருக்கிறது.

போன மாதம் அந்த மஞ்சள் குவில்ட்டை வைத்திருந்த பையை எடுத்தேன். தைக்கவில்லை. துண்டுகளை இஸ்திரி போட்டு, வரிசை மாறாமல் எண் எழுதி ஊசி குத்தி, இது என்ன, எப்போது தைத்தது, இன்னும் எத்தனை வரிசை பாக்கி என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்தேன். மூன்று வரிசை பாக்கி. அடித்தட்டில் வைக்காமல், கை எட்டும் தட்டில் வைத்திருக்கிறேன்.